உண்ணிச்செடிக்கு ஒரு பொன்னாடை

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் லயங்களைச் சுற்றி வேலி போல மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிக்கு அதுநாள்வரை யாரும் மரியாதை கொடுத்ததில்லை. மஞ்சளும் சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இலையைக் கசக்கினால் நாறும். ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது போல விலகிப் போய்விடும். வருசத்துக்கு ஒரு தடவை தோட்டத்துத் துரை அதை வெட்டி எறியச் சொல்வார். அடுத்த மழைக்கு அது துரையைக் கேட்காமலே தலையெடுக்கும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ரெங்கசாமி பெரட்டுக் களத்தில் வைத்து உலகப் புகழுக்குத் தூக்கிவிட்டார்.

பெரட்டுக் களம் விடிந்ததும் ஆளைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிற இடம். அங்கே கணக்கப்பிள்ளை பேசுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இரு தரப்பும் மீறாத ஒப்பந்தம் அது. அன்றைக்கு ரெங்கசாமி கொட்டாவி விடாமல் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு விசயம் சொல்லிக்கணுங்க."

"லீவா?"

"லீவில்லீங்க. நம்ம தயானி ஒரு மருந்து கண்டுபுடிச்சிருக்கு."

கணக்கப்பிள்ளை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "என்னா மருந்து?"

"கிருமி மருந்துங்க. உண்ணிச்செடியிலருந்து. கிருமி கிட்டவே வரமாட்டேங்குதாம்."

"ஆடே கிட்ட வராது," என்றார் கணக்கப்பிள்ளை. "கிருமி எப்புடிய்யா வரும்?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் செய்தி அடங்கவில்லை. மத்தியானம் கீழ்க்கணக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அது காய்ச்சல் மருந்தாகியிருந்தது. லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போனபோது புற்றுநோய் மருந்து. பாதை முழுக்க இறக்கம். உருளுகிற எதுவும் பெருத்துத்தான் போகும்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ரெங்கசாமியின் ஒரே மகள் தயானி பதுளையில் கெம்பஸில் விஞ்ஞானம் படிக்கிறாள். கடைசி வருசத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்தாக வேண்டும். காசு கேட்காத செடி எது என்று யோசித்தவளுக்கு வீட்டைச் சுற்றியிருந்ததே ஞாபகம் வந்தது. ரெங்கசாமிதான் முள் கீறக் கீற இலை பறித்து, கழுவின யூரியாச் சாக்கில் அமுக்கி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதை நிழலில் காயப்போட்டு, அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தாள். ஒரு சாக்கு இலை கடைசியில் ஒரு சின்னப் போத்தலின் அடியில் கரும்பச்சைப் பிசினாக ஒட்டிக்கொண்டது.

அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்த படத்தைத்தான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் போனில் காட்டினாள்.

"இதென்னா பாப்பா, கடப்பாசியா?" என்றார் ரெங்கசாமி.

"அதே மாதிரிதாம்ப்பா. பெருநாளுக்கு மருந்துக்கட ஹஸீப் நானா வீட்டுலருந்து குடுத்து விடுவாங்களே, அந்தப் பண்டம் மாதிரி. தட்டுல அத ஊத்தி, மேல கிருமியத் தடவி வளர விடுவோம்."

தயானியின் அம்மா இராக்கம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "கிருமி வளக்கவா ஒன்ன கெம்பஸுக்கு அனுப்புனோம்? அது இங்கயே நல்லாத்தான வளருது."

"வளத்தாத்தானம்மா கொல்ல முடியும். இந்தா, இங்க ஓட்ட போட்டு எலைச்சாற ஊத்தியிருக்கேன். சுத்திவரத் தெளிவா ஒரு வட்டம் தெரியுதா? அந்த எடத்துல கிருமி இல்ல. வட்டம் எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"இந்தப் பக்கம் இதவிடப் பெருசா ஒண்ணு இருக்கே?" என்றாள் இராக்கம்மா.

"அது ஆஸ்பத்திரி மருந்தும்மா. ஒப்பிட்டுப் பாக்க வைக்கிறது."

"அத விடு," என்றார் ரெங்கசாமி.

பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்திலும் அவர் இப்படித்தான். நாற்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளை மட்டும்தான் அவர் கண்ணில் விழும். பக்கத்தில் யார், பின்னால் யார் என்று கேட்டால் தெரியாது. போனைக் கையில் வாங்கி, அந்தச் சின்ன வட்டத்தைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது மொதத் தடவதாம்ப்பா, இன்னும் திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்" என்று தயானி சொன்னபோது அவர் காதில் விழவில்லை. பக்கத்துக் காம்பராவில் சொல்லப் போயிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அவருக்கு அடிபட்டது.

கவ்வாத்து வெட்டின மலையில் நடக்கத் தெரிய வேண்டும். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே சரித்து வெட்டிக்கொண்டே போனால், பின்னால் வருவதெல்லாம் கூராக்கி நட்ட முளைகள்தான். நமுனுகுலை மலையிலிருந்து பனி மூட்டம் இறங்கி வந்துவிட்டால் தன் கால் தனக்குத் தெரியாது. எப்போதோ தோட்டத்துக்கு வந்த கனவான்கள் சிலர் எல்லோருக்கும் பூட்ஸ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாப் பூட்ஸும் ஒரே அளவு என்பதால் படத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. ரெங்கசாமி செருப்போடு சறுக்கினார். தழைக்குள் கிடந்த ஒரு வெட்டுத்துண்டு சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது. அவருக்குப் பல வருசச் சீனி வருத்தம், நீரிழிவில் பாதம் மரத்துப்போனவர். செருப்பு வழுக்குகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் இரத்தத்தைக் கண்டார்.

வேறு யாராக இருந்தாலும் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போயிருப்பார்கள். ரெங்கசாமி நேரே வேலியோரத்துக்குப் போனார். கொழுந்தாகப் பார்த்து உண்ணியிலை பறித்து, அம்மியில் மைய அரைத்து, காயத்தில் அப்பிக் கட்டினார். அப்பும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. பிள்ளை வாங்கிக் கொடுத்த முதல் சட்டையைப் போட்டுக்கொள்கிற மாதிரி.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கட்டை அவிழ்த்தபோது, காயத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

ரெங்கசாமி பீலியடியில் குந்தியிருந்து அதைப் பார்த்தார். தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஓட்டை, ஓட்டையில் இலைச்சாறு, சுற்றிவர வட்டம். போனில் பார்த்த அதே படம். கெம்பஸில், கண்ணாடிக்குள், மேசை மேல் நடந்தது இப்போது அவர் காலிலேயே நடக்கிறது. அவர் வீட்டுக்குள் போய்ப் பேனை ஒன்றைத் தேடி எடுத்துவந்து, வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக் கவனமாய் ஒரு கோடு போட்டார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. வட்டம் பெருக்கிறது, பாப்பாவின் மருந்து செயிக்கிறது. இன்னொரு கோடு போட்டார்.

இதெல்லாம் இராக்கம்மாவுக்குத் தெரியாது. அவள் மலையிலிருந்து வருவதற்குள் அவர் கட்டை மாற்றிவிடுவார். ஆனால் மூக்கை ஏமாற்ற முடியுமா?

"என்னாங்க, காம்பராவுல என்னமோ செத்துக் கெடக்குது. எலியா?"

"எலை நாத்தம்டீ. உண்ணி நாறத்தான செய்யும்?"

"உண்ணி நாத்தம் எனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து மோந்துக்கிட்டு இருக்கேன். இது வேற. காட்டுங்க கால."

"காத்துப் படக் கூடாது."

"யாரு சொன்னா?"

"ஆராய்ச்சியில அப்புடித்தான். தட்டுக்கு மூடி போட்டுத்தான் வைப்பாங்க."

இராக்கம்மா ஈரத் தலைத்துணியை உதறினாள். "அது தட்டு. இது ஒங்க காலு. ராவெல்லாம் ஒடம்பு கொதிக்குது, வெடவெடன்னு நடுங்குறீங்க, என்னான்னு கேட்டாப் பனிங்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் அந்தப் பனி அடிக்கல? நான் பாப்பாவுக்குப் போன் பண்ணப் போறேன்."

"பண்ணாத!" ரெங்கசாமி பதறிப்போனார். "கெம்பஸுல பரீச்ச நேரம். புள்ள மனசக் கலக்காத. இங்க பாரு இராக்கு, நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு வையி. ஊரு என்னா பேசும்? அப்பனே நம்பாத மருந்துன்னு பேசாதா? அன்னைக்கு சிவஞானம் என்னா சொன்னான், மறந்துட்டியா?"

இராக்கம்மா மறக்கவில்லை. இலைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தயானி பஸ்ஸுக்கு நின்றபோது, கோயில் கமிட்டித் தலைவர் சிவஞானம் பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஆத்தா கொழுந்து பறிக்கிறா, மக உண்ணி பறிக்கிறா. இதுக்கு எதுக்கய்யா கெம்பஸு?" தயானி சாக்கை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரெங்கசாமிக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

இராக்கம்மா போனை எடுக்காமல் கேத்தலை அடுப்பில் வைத்தாள். அவளும் அந்தப் பிள்ளையைப் பெற்றவள்தானே.

துணி தீர்ந்துபோனபோது ரெங்கசாமி லுணுகலைக்குப் போய் ஹஸீபின் மருந்துக் கடையில் பண்டேஜ் கேட்டார். ஹஸீப் நானா தடித்த கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மருந்து விற்கிறவர் என்றாலும், வாங்குகிறவரைப் பார்க்கிற பழக்கம் அவருக்குப் போகவில்லை.

"என்ன ரெங்கசாமி, கால இழுத்து இழுத்து வாரீங்க?"

"ஒண்ணுமில்ல நானா. ஆராய்ச்சி நடக்குது."

"காலுலயா?"

"அப்புடித்தான் வச்சிக்கங்களேன்."

"காட்டுங்க பாப்பம்."

"இப்ப முடியாதுங்க. ஞாயித்துக்கெழம விழா இருக்கு. அன்னைக்கு எல்லாருக்கும் காட்டப்போறேன். நீங்களும் வாங்க."

ஹஸீப் பண்டேஜைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நான் செல்றதக் கேளுங்க. ஒங்களுக்குச் சீனி ஈக்கி. மொகம் வெளிறிப் போய் ஈக்கி. இந்தா முன்னுக்கு பதுளை பஸ் நிக்கிது. ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"நானா, ஒங்க கடையில இருக்கிற மருந்தெல்லாம் இனி என்னா ஆகப்போகுதோன்னு எனக்கே கவலையா இருக்கு," என்றார் ரெங்கசாமி உண்மையான இரக்கத்தோடு. "வேலியில இலவசமா மொளைக்கிறப்ப யாரு கடைக்கு வருவா?"

ஹஸீப் நானா பண்டேஜை நீட்டினார். "என்ட கடைய அல்லா பாத்துக்குவான். நீங்க கால பாத்துக்கங்க."

விழா சிவஞானத்தின் யோசனை. உண்ணி பறிக்கக் கெம்பஸ் எதற்கு என்று கேட்டவர், செய்தி லுணுகலை வரைக்கும் போய்விட்டதைக் கேள்விப்பட்டதும், அந்தப் பிள்ளையைத் தான் சின்ன வயசிலேயே இனங்கண்டதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். அவரிடம் ஒரு பொன்னாடை தயாராகக் கையிருப்பில் இருந்தது. போன தேர்தலில் தோற்றுப்போன ஒருவருக்கு வாங்கியது. பதுளையில் அடிப்பித்த பேனரில் சிவஞானம் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தயானி, அடையாள அட்டைப் படத்தில் விழித்துக்கொண்டிருந்தாள். "மலையகம் ஈன்ற மருத்துவ மாணிக்கம்" என்று எழுதி ஓர் இலையும் போட்டிருந்தது. அது துளசி. உண்ணிச்செடி பார்வைக்கு மருந்து மாதிரி இல்லை என்று அச்சுக்காரன் மாற்றிவிட்டானாம்.

போனில் தயானி கெஞ்சினாள். "பாராட்டெல்லாம் வேணாம்ப்பா. இன்னும் முடிவே வரல. நான் ஒரு விசயம் நேருல சொல்லணும்..."

"எல்லாம் மேடையில சொல்லலாம் பாப்பா. நானும் ஒண்ணு வச்சிருக்கேன், நேருல காட்ட," என்றார் ரெங்கசாமி. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். காம்பரா லேசாகச் சுற்றியது. சந்தோசத்தில் சுற்றுவதாக நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. புவனேந்திரன் தன் ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக அறிவித்துப் போனான். கோயில் பக்கத்துக் கொட்டகையில் சனம் கூடிற்று. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருக்கென்று வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி மட்டும் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. தயானி பஸ் தாமதித்து நனைந்தபடி வந்தாள். வீட்டுக்குக்கூடப் போக விடாமல் நேரே மேடைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அப்பா கீழே முன்வரிசையில், தோளில் துண்டோடு, சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி மெலிந்துவிட்டார் என்று அவள் யோசிப்பதற்குள் சிவஞானம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மலைக்குன்றத்து மக்களே! ஆதிகாலந்தொட்டு அடிமைத்தளையில்..."

தகரக் கூரையில் மழை வலுத்தது. ஆதிகாலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் வரைக்கும் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மழை கொஞ்சம் விட்டபோது அவர் சுதந்திரத்துக்கு வந்திருந்தார்; மறுபடி பிடித்துக்கொண்டது. கடைசியில் பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். அப்போது ரெங்கசாமி எழுந்தார்.

மேடையில் ஏற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஏறியவர், பிரதம விருந்தினரின் வெள்ளை நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். சிவஞானத்துக்கு முகம் சுருங்கியது. ரெங்கசாமி பண்டேஜைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க," என்றார் மைக்கில். "எம் மக சொன்னிச்சு, மருந்து வேல செஞ்சா வட்டம் வரும்னு. வட்டம் பெருசாகப் பெருசாக மருந்து செயிக்குதுன்னு அர்த்தமாம். பாருங்க. இது மொதக் கோடு. இது அடுத்தது. இது... இது முந்தாநாளு. இன்னைக்குக் கரண்டையத் தாண்டி மேல ஏறிருச்சு!"

சனம் கை தட்டியது. கொட்டகை அதிர்ந்தது. சிவஞானமும் தட்டினார்.

தயானி மட்டும் தட்டவில்லை. கோட்டுக்கு மேல் கோடாக, மரத்தின் உள்வட்டம் போல, நீல மையில் அப்பா கவனமாய்ப் போட்டிருந்ததைப் பார்த்தாள். சிவப்பு எல்லாவற்றையும் தாண்டி, வீங்கிய கெண்டைக்காலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அவள் மெதுவாக முழங்காலில் உட்கார்ந்து அந்தக் காலைத் தொட்டாள். கொதித்தது.

"அப்பா," என்றாள். "இது அந்த வட்டம் இல்லப்பா."

"என்னா பாப்பா? நீதான சொன்ன?"

"தட்டுல வட்டத்துக்குள்ள கிருமி இல்ல. இங்க செவந்து இருக்கிற எடமெல்லாம் கிருமி போன எடம். நீங்க போட்ட கோடெல்லாம் அது தாண்டிப் போன கோடு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ரெங்கசாமி காலைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார். "மெல்லப் பேசு," என்றார் தாழ்ந்த குரலில். "மைக் போட்டிருக்கு. சனம் கேக்குது. நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா ஒன் மருந்துக்கு என்னா மரியாத? நீ போயி ஒக்காரு. தானா ஆறிரும்."

"தங்கச்சி, நன்றியுரை மட்டும்தான் இருக்குது, முடிஞ்சதும்..." என்று சிவஞானம் குனிந்தார்.

தயானி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு மருந்தின் மேல் நம்பிக்கை என்று நினைத்தால் அவரிடம் மருந்தைப் பற்றிப் பேசலாம். இது மருந்தைப் பற்றியதே அல்ல, அவளைப் பற்றியது. அவள் எழுந்து, தோளில் கிடந்த பளபளப்புத் துணியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஒரு மருந்தும் கண்டுபுடிக்கல."

சிவஞானம் மைக்குக்குக் கை நீட்டினார்; அவள் விடவில்லை.

"எலையிலருந்து எடுத்த பிசின மறுபடி சாராயத்துல கரைச்சுத்தான் தட்டுல ஊத்துனேன். போன வாரம் எங்க கெம்பஸ் சேர், எலை இல்லாம வெறுஞ் சாராயத்த மட்டும் ஊத்திப் பாருன்னாரு. ஊத்துனேன். அதுக்கும் அதே அளவு வட்டம் வந்துச்சு. கிருமியக் கொன்னது எலையில்ல. ஒரு பெரிய வட்டம் இருந்துச்சு, அது ஆஸ்பத்திரி மருந்தோடது. அதத்தான் எங்கப்பா பாக்கல."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப சாராயம் நல்லதுன்னு சொல்லுங்க!"

கொட்டகை சிரிப்பில் உடைந்தது. சிவஞானம் "அமைதி, அமைதி" என்று கையை ஆட்டினார். அவர் முகம் பேனரில் இருந்ததைவிடப் பாதியாகியிருந்தது. தயானிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. இராக்கம்மா மேடையேறி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. புருசனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளையே சொல்லிருச்சு. இனி யாருக்காகக் காலத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? நடங்க."

அவர் நடந்தார்.

புவனேந்திரனின் ஆட்டோ ஒலிபெருக்கிக் குழாய்களோடேயே பதுளைக்குப் பறந்தது. நடுவில் ரெங்கசாமி, இரு பக்கமும் தாயும் மகளும். மழைத் திரை உள்ளே தெறித்தது. ஆட்டோ பசறையைத் தாண்டியது.

"எல்லாரு முன்னுக்கும் அப்புடிச் சொல்லிட்டியே பாப்பா," என்றார் ரெங்கசாமி கடைசியில். கோபமாக அல்ல, வலி எடுப்பது போல.

"வேற எப்புடிச் சொன்னா நீங்க எந்திரிச்சிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "எந்திரிச்சிருக்க மாட்டேன்," என்று ஒப்புக்கொண்டார். "அந்தச் சிவஞானம் நாளைக்கு என்னா பேசுவானோ."

"பேசட்டும். ஒங்க கால் இல்லாம, அவரு நல்லா பேசி எனக்கென்னா ஆகப்போகுது?"

ரெங்கசாமியின் தலை மெல்லச் சாய்ந்து மகளின் தோளில் விழுந்தது. காய்ச்சலில் அவர் மூச்சு சுட்டது. தயானி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் ஆட்டோ சாய்ந்தபோதெல்லாம் அவர் தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் முதலில் செய்தது, பேனையை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டதுதான். அரை மயக்கத்திலும் ரெங்கசாமி மகளைப் பெருமையோடு பார்த்தார். "நானும் இதத்தான செஞ்சேன்?" அவர் என்ன சொல்கிறார் என்று இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், தயானி சொன்னாள். டொக்டர் கொஞ்ச நேரம் அந்த நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோடு சரி," என்றார். "வந்ததுதான் பிந்திவிட்டது."

சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. ஊசி மருந்து ஏற ஏறச் சிவப்பு ஒவ்வொரு கோடாகப் பின்வாங்கியது. காய்ச்சல் விட்ட அன்று ரெங்கசாமி கஞ்சி கேட்டார். உப்புப் போதாது என்றார். இராக்கம்மா வாட்டுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டு, உப்போடு திரும்பி வந்தாள்.

தயானிக்கு இன்னொன்று பாக்கியிருந்தது. அன்று பின்னேரம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து சொன்னாள். "அப்பா, ஆராய்ச்சிய முடிச்சுக் குடுக்கணும். எலையால ஒண்ணும் பெருசா இல்லன்னுதான் எழுதப்போறேன்."

"அப்புடி எழுதுனா பாஸ் பண்ணுவாங்களா?"

"நல்லா செஞ்சிருந்தா பண்ணுவாங்கப்பா. என்னா கெடைச்சிச்சுங்கிறது இல்ல, எப்புடிப் பாத்தோங்கிறதுதான் முக்கியம்."

ரெங்கசாமி கூரை விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். இல்லாத விரல்கள் அரிப்பதாகச் சொன்னார். அவள் கட்டின் மேலாக, விரல் இருந்த இடத்தை மெல்ல வருடிவிட்டாள். அரிப்பு நின்றுவிட்டதாகச் சொன்னார். பொய்யாகவும் இருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் பண்டாரவளைப் பாத்திரக் கடைக்காரர் ஸனூஸ், அவரும் சீனிக்காரர், காலில் கட்டோடு சாய்ந்திருந்தார். பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கழுத்தை நீட்டினார்.

"மக என்ன படிக்கிறா?"

இராக்கம்மா கஞ்சிக் கோப்பையைக் கழுவப் போனவள் அப்படியே நின்றாள். ரெங்கசாமி கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"எலை சோதிக்கிறதுங்க. உண்ணிச்செடி தெரியுமா?"

"தெரியாம? எங்கட வளவுக்குப் பின்னால காடாக் கெடக்கு. காயத்துக்குப் போட்டா நல்லம் எண்டு செல்லுவாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் சொல்லுவாங்க," என்றார் ரெங்கசாமி. "சோதிச்சுப் பாத்தாங்களா? எம் மக பாத்துருச்சு. வெறுஞ் சாராயத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லையாம். இந்தச் சுத்துவட்டாரத்துல இது தெரிஞ்ச ஒரே ஆளு இதுதான்."

"அப்பா!" என்றாள் தயானி.

ஸனூஸ் அவளை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார். தன் கட்டுப்போட்ட காலைத் தொட்டுக் காட்டினார். "அப்ப புள்ள, இந்தப் புண்ணுக்கு எந்த எலைதான் நல்லம்?"

வாட்டில் நாலைந்து தலைகள் திரும்பின. ரெங்கசாமி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தயானி கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியாதுங்க," என்றாள்.

ரெங்கசாமி தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கட்டில் கட்டிலாக எல்லோரையும் ஒருமுறை பெருமை பொங்கப் பார்த்தார்.

"கேட்டீங்களா?" என்றார். "தெரியாதாம்."